பெர்மாங்கனேட் டைட்ரேஷன்: ஒரே கரைசல், டைட்டர் மட்டும் 18.9 முதல் 21.3 வரை. எங்கே கோளாறு?

மேசை எண் 7 (கேள்வி)

பிளஸ் டூ வேதியியல் செய்முறை, ஃபெரஸ் சல்பேட் எஸ்டிமேஷன் (கரைசலில் அது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது). பேட்ச்சுக்கு 24 பேர். பியூரெட்டில் (திருகு வைத்த அளவுக் குழாய்) சுமார் 0.1 நார்மல் (செறிவின் அலகு) பொட்டாசியம் பெர்மாங்கனேட். முதல் டைட்ரேஷனுக்கு நியம (செறிவு துல்லியமாகத் தெரிந்த) ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட், இரண்டாவதுக்குக் கொடுக்கப்பட்ட ஃபெரஸ் சல்பேட். பிப்பெட் 20 மி.லி., கூடவே ஒரு டெஸ்ட் ட்யூப் நீர்த்த கந்தக அமிலம். எல்லாம் வழக்கமான முறைதான்.

பிரச்சினைகள்:

1. முதல் டைட்ரேஷனிலேயே டைட்டர் (முடிவு வரை செலவான பெர்மாங்கனேட்) ஒரு மேசையில் 18.9 மி.லி., இன்னொரு மேசையில் 21.3. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே நியமக் கரைசல்.

2. சிலருக்கு மூன்று அளவீடும் மூன்று விதம். உதாரணம்: 20.9, 20.5, 20.4.

3. நான்கு பேருக்குக் குடுவையில் முடிவு நிலையைக் காட்டும் பிங்க் வரவே இல்லை, டீ டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பாகிவிட்டது.

4. பிங்க் வந்தவர்களுக்கும் ஒரு நிமிடத்தில் மறைகிறது. மறைந்ததும் இன்னும் இரண்டு சொட்டு விடுகிறார்கள், அது மறைந்ததும் இன்னும் இரண்டு.

5. பியூரெட்டில் மேல் விளிம்பைப் படிப்பதா, அடி வளைவைப் படிப்பதா? பாதிப் பேர் அப்படி, பாதிப் பேர் இப்படி.

தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கரைசலில் தப்பா, பிள்ளைகள் கையில் தப்பா என்பதைத் தெரிந்துகொள்வது எப்படி?

---

பிப்பெட்20

முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துவிடுங்கள். ஒரே மாணவரின் மூன்று அளவீடுகள் தங்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் அது கை. ஒரு மாணவருக்கு மூன்றும் 18.9, 18.9, 18.9 என்று வந்து பக்கத்து மேசைக்கு மூன்றும் 21.3 என்று வந்தால், அது கை இல்லை, பாட்டில். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பிள்ளைகளைத் திட்டி பிரயோஜனமில்லை.

உங்கள் 20.9, 20.5, 20.4 ஒரு நல்ல தடயம். முதல் அளவீடு மட்டும் கூடுதல், அடுத்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இப்படி வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பியூரெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு பெர்மாங்கனேட்டால் அலசாமல் அப்படியே நிரப்பியிருப்பார். உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் 1 மி.லி. என்று வைத்துக்கொண்டாலும் 50 மி.லி. கரைசலில் அது 2 சதவீதம். 20 மி.லி. டைட்டரில் 0.4 கூடும். இல்லையென்றால் பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி. நிரப்பும்போது திருகுக்குக் கீழே குமிழி மாட்டிக்கொள்ளும், பாதி டைட்ரேஷனில் வெளியேறும். அந்த இடத்தை நிரப்பிய கரைசல் குடுவைக்குள் போகாமலேயே அளவீட்டில் ஏறிவிடும். பெர்மாங்கனேட் அடர் நிறம் என்பதால் குமிழி எளிதில் கண்ணில் படாது. நுனியை வெளிச்சத்துக்கு நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். திருகை முழுதாகத் திறந்து ஒரு பீக்கரில் வேகமாக விட்டால் குமிழி போய்விடும். பிறகு பூஜ்யத்துக்குச் சரிசெய்யலாம்.

அலசுவதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பியூரெட்டை பெர்மாங்கனேட்டால் அலச வேண்டும். பிப்பெட்டை எந்தக் கரைசலை எடுக்கப் போகிறோமோ அதனால் அலச வேண்டும். கூம்புக் குடுவையை வாலைவடிநீரால் மட்டும்தான். "எல்லாத்தையும் அதது கரைசலால கழுவு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் குடுவையையும் ஃபெரஸ் கரைசலால் அலசிவிடுவார்கள். அரை மி.லி. அடியில் தங்கினால் டைட்டரில் அப்படியே அரை மி.லி. ஏறும். குடுவை ஈரமாக இருப்பதில் ஒரு தப்பும் இல்லை. அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் பிப்பெட்டிலிருந்து போன இரும்பின் அளவு மாறாது.

பழுப்புக்கு வருகிறேன். அது மாங்கனீஸ் டை ஆக்சைடு. அமிலம் போதாவிட்டால் பெர்மாங்கனேட் மாங்கனஸ் நிலை வரை இறங்காமல் பாதியிலேயே நின்றுவிடும். ஆனால் "அமிலம் கொஞ்சம் குறைச்சல்" என்ற விளக்கம் இங்கே செல்லாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.லி. 0.1 நார்மல் இரும்புக்கு 2 மில்லி ஈக்விவலன்ட், அதாவது 0.4 மில்லி மோல் பெர்மாங்கனேட் (ஒரு பெர்மாங்கனேட் ஐந்து இரும்புக்கு). ஒவ்வொன்றுக்கும் 8 ஹைட்ரஜன் அயனி என்றால் 3.2 மில்லி மோல். ஒரு டெஸ்ட் ட்யூப், அதாவது 20 மி.லி. 2 நார்மல் கந்தக அமிலத்தில் இருப்பது 40. பன்னிரண்டு மடங்குக்கு மேல். பாதி டெஸ்ட் ட்யூப் ஊற்றினாலும் பழுப்பு வராது. ஆகவே அந்த நான்கு பேரும் ஒன்று அமிலம் ஊற்றவே மறந்திருக்கிறார்கள், அல்லது அந்த மேசையின் அமில பாட்டிலில் இருப்பது அமிலமே இல்லை.

இரண்டாவது சந்தேகம்தான் எனக்கு வலு. பாட்டில் மாறினால் வேறு கோளாறும் வரும். மேசை ரேக்கில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக், நீர்த்த நைட்ரிக், நீர்த்த கந்தக அமிலம் மூன்றும் ஒரே மாதிரி பாட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்றும் நிறமற்றவை. ஹைட்ரோகுளோரிக் போனால் பெர்மாங்கனேட் குளோரைடையும் சேர்த்து ஆக்சிஜனேற்றம் செய்யும். டைட்டர் கூடும், முடிவு நிலை நழுவிக்கொண்டே போகும், குடுவை வாயில் லேசாக குளோரின் நெடி வரும். நைட்ரிக் தானே ஒரு ஆக்சிஜனேற்றி, அது இரும்பில் ஒரு பங்கைத் தின்றுவிட்டால் டைட்டர் குறையும். உங்கள் 21.3, 18.9 இரண்டுக்குமே இதில் விடை இருக்கலாம். சோதிக்க இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு மேசையின் "கந்தக அமில" பாட்டிலிலிருந்தும் சில துளி எடுத்து பேரியம் குளோரைடு விடுங்கள், வெள்ளை வீழ்படிவு வர வேண்டும். இன்னொரு சில துளியில் சில்வர் நைட்ரேட் விடுங்கள். தயிர் போல வெள்ளையாகத் திரிந்தால் அதில் குளோரைடு இருக்கிறது.

பிங்க் மறைவது தப்பே இல்லை. முடிவு நிலைக்குப் பிறகு குடுவையில் மாங்கனஸ் அயனி நிறைய இருக்கிறது, மிஞ்சிய பெர்மாங்கனேட் அதனுடன் மெதுவாக வினைபுரிந்து நிறத்தை இழக்கும். குடுவையில் தூசி இருந்தால் இன்னும் சீக்கிரம். 30 விநாடி நின்றால் போதும், அளவைக் குறித்துக்கொண்டு குடுவையைக் கழுவப் போகலாம். மறைய மறையச் சொட்டு விடுபவர் முடிவு நிலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி., நான்கு சொட்டு அதிகமாக விட்டால் 0.2 போச்சு.

---

கண்ணாடிப் பஞ்சு

சார், நான் கரைசல் போடும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மேசைக்கு மேசை வித்தியாசம் என்றால் முதலில் பெர்மாங்கனேட் பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் கரையாத படிகம் கிடக்கிறதா?

இது அடிக்கடி நடப்பது. பெர்மாங்கனேட் கரைசல் மை மாதிரி கருப்பு. படிகம் முழுசாகக் கரைந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியவே தெரியாது. குளிர்ந்த தண்ணீரில் போட்டு நாலு தடவை குலுக்கிவிட்டு ஊற்றிக் கொடுத்தால், முதலில் வாங்கிய மேசைகளுக்கு நீர்த்தது, கடைசியில் வாங்கிய மேசைகளுக்குக் கெட்டியானது. நீர்த்ததுக்கு டைட்டர் அதிகம், கெட்டிக்குக் குறைவு.

24 பேருக்கு ஆளுக்கு 200 மி.லி. வேண்டும். இரண்டு டைட்ரேஷன், மூன்று மூன்று அளவீடு, அலசல், பியூரெட் அடியில் நிற்பது எல்லாம் சேர்த்து. 5 லிட்டர் போடுங்கள். லிட்டருக்கு 3.2 கிராம், மொத்தம் 16 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் பக்குவத்துக்குக் காய்ச்சி, படிகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் அழுத்திக் கலக்கி, மேலே தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துங்கள். அடியில் தங்கியதற்கு மறுபடி சுடுதண்ணீர். பீக்கரின் அடி வெறுமையாகத் தெரியும் வரை இப்படியே. பிறகு 5 லிட்டராக்கி ஒரே கேனில் கலக்கி ஒரு இரவு வையுங்கள். மறுநாள் மேல் கரைசலை மட்டும் எடுக்கவும், அடியில் இரண்டு விரல் உயரத்தை விட்டுவிடவும். வடிகட்டுவதாக இருந்தால் கண்ணாடிப் பஞ்சு. வடிதாள் கூடாது, தாளே பெர்மாங்கனேட்டைக் குறைத்துப் பழுப்பாக்கும். வைப்பது பழுப்பு நிற பாட்டிலில்.

இதை எடை போட அவ்வளவு துல்லியம் தேவையில்லை, இது இரண்டு டைட்ரேஷனையும் இணைக்கும் இணைக் கரைசல்தான். துல்லியம் தேவைப்படுவது ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டுக்கு. லிட்டருக்கு 39.2 கிராம்தான் 0.1 நார்மல், ஆனால் இம்மி பிசகாமல் 39.2 வரவேண்டும் என்று தராசோடு மல்லுக்கட்ட வேண்டாம். 40.14 வந்ததா? 40.14-ஐ அந்த உப்பின் சமான நிறையான 392-ஆல் வகுத்தால் 0.1024. அதையே பாட்டிலில் ஒட்டுங்கள்.

தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து எடுக்கவும். சாதாரணத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று இரும்பை மெல்ல ஃபெரிக் ஆக்கும். வரிசையும் முக்கியம். முதலில் அமிலம், அப்புறம் உப்பு. நேரே போர் தண்ணீரில் உப்பைப் போட்டால், அதிலுள்ள பைகார்பனேட்டுக்குக் கொஞ்ச நேரத்திலேயே துரு நிறத்தில் கலங்கும். அப்படிக் கலங்கியது நியமக் கரைசல் ஆகாது, கொட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் குடுவைக்கு 2 நார்மல் கந்தக அமிலம் 350 மி.லி. ஊற்றி, அதில் உப்பைக் கரைத்து, பிறகு குறி வரை தண்ணீர். ஆளுக்கு 100 மி.லி. கணக்கில் 3 லிட்டர் போட்டு, மூன்று குடுவையையும் ஒரே கேனில் ஊற்றிக் கலந்து பிறகுதான் பிரிக்க வேண்டும். குடுவை குடுவையாகக் கொடுத்தால் மூன்று நார்மாலிட்டி. ஃபெரஸ் சல்பேட்டும் இதே முறை, லிட்டருக்கு 27 முதல் 28 கிராம். அதில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ பூத்துப்போன படிகங்களை ஒதுக்கிவிட்டுப் பச்சையை மட்டும் எடுங்கள்.

அமிலம்: அடர் கந்தக அமிலம் 36 நார்மல். 2 நார்மலுக்கு லிட்டருக்கு 56 மி.லி. மேசைக்கும் கரைசல் போடுவதற்கும் சேர்த்து 6 லிட்டர் என்றால் 336 மி.லி. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மெல்லிய தாரையாக, கலக்கிக்கொண்டே. போரோசில் பீக்கரில் கலக்கவும். சாதாரண கண்ணாடி பாட்டிலில் கலந்தால் சூட்டில் அடி கழன்று வரும்.

பியூரெட் பற்றி ஒன்று. ரப்பர் குழாயும் கிளிப்பும் வைத்த பியூரெட்டில் பெர்மாங்கனேட் ஊற்றக் கூடாது, ரப்பரைத் தின்னும், கரைசலும் கெடும். கண்ணாடித் திருகு உள்ளதைக் கொடுங்கள். கசிந்தால் திருகின் இரு ஓரங்களிலும் துளி வாஸ்லின், நடுத் துளைப் பக்கம் போகவே கூடாது.

---

அடிவளைவு

5-ஆவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அளவீடு என்றால் அடி வளைவுதான், எந்தக் கரைசலாக இருந்தாலும். பியூரெட்டுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து டார்ச் அடித்தால் பெர்மாங்கனேட்டிலும் தெரியும். மேல் விளிம்பைப் படிக்கப் பழக்கினால் பிள்ளைகள் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் மேல் விளிம்பைப் படிப்பார்கள்.

---

பிப்பெட்20

24 மேசைக்கும் டார்ச் யார் பிடிப்பது சார்? பெர்மாங்கனேட்டுக்கு மேல் விளிம்பு என்பது எல்லா ஆய்வகத்திலும் உள்ள நடைமுறை, அடர் நிறக் கரைசலில் அடி வளைவு தெரியாது என்பதால்தான். நமக்கு வேண்டியது இரண்டு அளவுகளின் வித்தியாசம். தொடக்கமும் முடிவும் ஒரே விளிம்பில் இருந்தால் எந்த விளிம்பு என்பது பொருட்டே இல்லை. பூஜ்யத்தை அடி வளைவில் வைத்துவிட்டு முடிவை மேல் விளிம்பில் படித்தால்தான் 0.1 முதல் 0.2 வரை ஓட்டை விழும். கண் நேர்மட்டத்தில் இருப்பது இதைவிட முக்கியம். உயரமான பியூரெட்டின் பூஜ்யத்தைக் குள்ளமான பிள்ளை கீழிருந்து அண்ணாந்து பார்த்துச் சரிசெய்கிறது. பியூரெட்டைத் தாங்கியிலிருந்து கழற்றி இறக்கிப் படிக்க விடுங்கள். படித்து முடிக்கும் முன் புனலையும் எடுக்கச் சொல்லுங்கள். புனல் மேலேயே இருந்தால் அதிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு நடுவில் இறங்கும்.

---

எதிர் மேசை

தாள் திருத்தும் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். இந்தச் சோதனையின் கணக்கை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தால் பாதிக் கவலை தீரும்.

நியமக் கரைசல் 0.1024. முதல் டைட்டர் 20.4. பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 20 × 0.1024 ÷ 20.4 = 0.1004. இரண்டாவது டைட்டர் 19.6. ஃபெரஸ் சல்பேட்டின் நார்மாலிட்டி 19.6 × 0.1004 ÷ 20 = 0.0984. நடுவில் சுருக்காமல், படிக ஃபெரஸ் சல்பேட்டின் சமான நிறையான 278-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 27.35 கிராம். கேள்வியில் 750 மி.லி. என்று கேட்டிருந்தால் 20.51 கிராம்.

இதில் பிப்பெட் இரண்டிலும் 20 என்பதால் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது நியம நார்மாலிட்டி × இரண்டாவது டைட்டர் ÷ முதல் டைட்டர். அவ்வளவுதான். பெர்மாங்கனேட் 0.1-ஆ, 0.095-ஆ என்பது விடைக்குள் வருவதே இல்லை. விகிதம் மட்டும்தான் நிற்கிறது.

இப்போது ஒரு மாணவர் எப்போதும் நான்கு சொட்டு அதிகமாக விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் டைட்டர் 20.6, இரண்டாவது 19.8. போட்டுப் பாருங்கள்: 27.36 கிராம். சரியான விடைக்கும் இதற்கும் 0.01 கிராம்தான் வித்தியாசம். ஆனால் முதல் டைட்ரேஷனில் மட்டும் 0.2 கூடி, இரண்டாவதில் ஆசிரியர் சொன்னதால் திருந்திக்கொண்டு சரியாக நிறுத்தினால், 20.6-க்கு 19.6: 27.09 கிராம். கிட்டத்தட்ட 1 சதவீதப் பிழை. நடுவில் திருந்துவதைவிடக் கடைசி வரை ஒரே தப்பைச் செய்வது மேல் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆக இரண்டு டைட்ரேஷனுக்கும் அதே பியூரெட், அதே பிப்பெட், அதே கண், அதே அளவு பிங்க். முதல் டைட்ரேஷனில் நிறுத்திய குடுவையைக் கொட்டாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறம் மங்குவதற்குள் ஒரு தரம் மனதில் பதித்துக்கொண்டு, அடுத்ததை அதே நிறத்துக்கு நிறுத்தப் பழக்குங்கள். கீழே வெள்ளை ஓடு கட்டாயம்.

இதே காரணத்தால்தான் நியமக் கரைசல் கெட்டால் மொத்த வகுப்பும் தப்பாகப் போகும். பாட்டிலில் 0.1024 என்று எழுதியிருக்கும், காற்றில் நின்று உள்ளே அதைவிடக் குறைந்திருக்கும். முதல் டைட்டர் குறையும், எல்லோருடைய விடையும் ஒரே பக்கமாக ஏறும். அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது.

கணக்கில் மதிப்பெண் போகும் இடங்கள்: நார்மாலிட்டியை 0.1004 என்று நான்கு தசமம் வரை எழுதாமல் 0.10 என்று சுருக்குவது. இது ஒன்றே விடையை 27.24-க்கு இறக்கிவிடும், அவ்வளவு பாடுபட்டு 0.1 மி.லி.-க்குள் நிறுத்தியதற்கு அர்த்தமில்லாமல் போகும். படிக ஃபெரஸ் சல்பேட்டுக்கு 278-க்குப் பதில் நீரற்றதன் 152-ஐப் போடுவது. 392-ஐயும் 278-ஐயும் மாற்றிப் போடுவது. 750, 1500 என்று கேட்ட கன அளவை மறந்து லிட்டரோடு நிறுத்துவது. இன்னொன்று, பக்கத்து மேசை டைட்டரைக் காப்பியடிப்பது. ஃபெரஸ் சல்பேட் இரண்டு மூன்று விதமாகப் போட்டுக் கொடுத்திருந்தால் அது அப்பட்டமாகத் தெரியும்.

---

மேசை எண் 7

எல்லோருக்கும் நன்றி. பார்த்ததைச் சொல்கிறேன்.

பெர்மாங்கனேட் கேனைச் சாய்த்ததில் அடியில் படிகம் ஒரு ஸ்பூன் அளவுக்குக் கிடந்தது. சுடுதண்ணீரில் இறுத்து மறுபடி போட்டதில் மேசைக்கு மேசை வித்தியாசம் 20.2 முதல் 20.6-க்குள் வந்துவிட்டது. பேரியம் குளோரைடு சோதனையில் ஒரு ரேக்கின் பாட்டிலில் எதுவுமே வரவில்லை, நீல லிட்மஸும் மாறவில்லை. வெறும் தண்ணீர். அந்த நான்கு பழுப்புக் குடுவையும் அந்த ரேக்கைச் சேர்ந்த மேசைகள்தான்.

இரண்டு சந்தேகம் பாக்கி. பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதி விட வேண்டுமா? பியூரெட் உள்பக்கம் ஏறியிருக்கும் பழுப்புக் கறையை எதில் கழுவுவது? சோப்புப் பவுடருக்கு அசையவில்லை.

---

கண்ணாடிப் பஞ்சு

கறைக்குச் செலவே வேண்டாம். மேசைகளில் மிஞ்சும் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசலைச் சேர்த்து வையுங்கள். அதில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் கலந்து பியூரெட்டில் நிரப்பி வைத்தால் கறை கண்ணெதிரே கரையும். ஆக்ஸாலிக் அமிலம் மிஞ்சியிருந்தால் அதையும் அமிலம் சேர்த்து லேசாகச் சூடாக்கி ஊற்றலாம். கையில் பட்ட கறைக்கு எலுமிச்சம்பழத் துண்டைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள், இந்தக் கரைசல்களில் கையை விடவேண்டாம்.

பிப்பெட்டை ஊதவே கூடாது. நுனியைக் குடுவையின் உள்சுவரில் தொட்டு இறங்கியது போதும். நுனியில் நிற்கும் சொட்டைக் கணக்கில் எடுத்துத்தான் பிப்பெட்டில் குறி போட்டிருக்கிறார்கள். வாயால் உறிஞ்சுவதையும் நிறுத்துங்கள், உள்ளே இருப்பது அமிலம் சேர்த்த கரைசல். ரப்பர் பல்ப் இரண்டு வாரம் பழகினால் கை வந்துவிடும்.

---

ரோல் நம்பர் 31

சார், நான் பிளஸ் டூ. ஒரு டவுட். ஆக்ஸாலிக் ஆசிடுக்கு மட்டும் சூடு பண்ணச் சொல்றாங்க, ஃபெரஸுக்கு பண்ணக் கூடாதுங்கறாங்க. ஏன்? அப்புறம் எங்க லேப்ல தெர்மாமீட்டர் ஆளுக்கு ஒண்ணு கிடையாது. 60 டிகிரி வந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

---

பிப்பெட்20

ஃபெரஸ் அயனி குளிரிலேயே பெர்மாங்கனேட்டோடு சட்டென்று வினைபுரியும், சூடு தேவையே இல்லை. சூடாக்கினால் காற்று ஆக்ஸிஜன் அதற்கு முன்னால் இரும்பைத் தின்றுவிடும், டைட்டர் குறையும்.

ஆக்ஸாலிக் அமிலம் அப்படி இல்லை, அறை வெப்பத்தில் சோம்பல். 60 முதல் 70 டிகிரி வரை சூடு பண்ணி, முதலில் ஒரே ஒரு சொட்டு விட்டு, அந்த பிங்க் முழுசாக மறையும் வரை குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திரு. அது போக நேரமெடுக்கும், "முடிவு வந்துடுச்சு சார்" என்று கத்தாதே. முதல் சொட்டுகளில் உண்டாகிற மாங்கனஸ் அயனியே அடுத்த வினைக்கு வினையூக்கி. அது சேர்ந்ததும் நீ விட விட மறையும், அப்போது வேகமாக விடலாம். காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே மடமடவென்று ஊற்றினால், அமிலம் இருந்தும் பழுப்பாகும். கொதிக்கவும் விடாதே, அந்தச் சூட்டில் ஆக்ஸாலிக் அமிலமே சிதைய ஆரம்பிக்கும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால்: கம்பி வலை மேல் வைத்துச் சூடாக்கு. குடுவையின் கழுத்து உள்பக்கம் ஆவி படர ஆரம்பித்ததும் இறக்கு. கழுத்தை மடித்த தாளால் பிடித்துக்கொண்டு, புறங்கையால் குடுவையின் பக்கவாட்டைத் தொட்டுப் பார். தொட்ட கையை ஒரு விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் போதும். வலையில் இருந்த அடிப்பக்கத்தைத் தொடாதே, அங்கே கண்ணாடி கரைசலைவிடச் சூடாக இருக்கும். பாதியில் ஆறிவிட்டால், அதாவது பிங்க் மறைய மறுபடி நேரமெடுத்தால், திரும்பச் சூடாக்கித் தொடரலாம். அதனால் டைட்டர் மாறாது.

கணக்கில் ஆக்ஸாலிக்கின் சமான நிறை 63, படிகத்துக்கு. நீரற்றதன் 45-ஐப் போட்டுவிடாதே.